குச்சிக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று கேட்டால் வயிறு எரியும். போனில் உன்னோடு பேசப் போவதில்லை. பேசினால் நீ வாய்ப்பந்தல் போட்டு என்னை அதன் கீழே உட்கார வைத்துவிடுவாய். எழுதினால் நீ முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ரயில் நிலையச் சாலையில் நாற்பத்தாறு மரம் செத்துவிட்டது. ஒடித்துப் பார்த்தேன், உள்ளே சுள்ளி. ஆனால் உன் திரையில் நேற்று வரை நாற்பத்தாறும் பச்சைப் புள்ளி. நகராட்சி ஆணையர் வெளியே வந்து காய்ந்த மரத்தைப் பார்க்கிறார், உள்ளே போய்ப் பச்சைப் புள்ளியைப் பார்க்கிறார், மறுபடி வெளியே வருகிறார். கண்ணை நம்புவதா, நீ மாட்டிவிட்டுப் போன சுவர்த் திரையை நம்புவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் யாரை நம்பினார்கள் தெரியுமா? உன்னை. அந்தச் சாலைக்கு ஊற்றும் ஏழாம் நம்பர் லாரி அண்ணனை நேற்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். தண்ணீர் லாரி ஓட்டும் எங்கள் ஏழு பேரில் தொண்டை பெரியது அவருக்குத்தான். ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவோம். நேற்று அந்த மனிதர் சாவியைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

காரணம், நீ கையெழுத்துப் போட்ட அறிக்கை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சாண் ஆழத்தில் மண்ணின் ஈரத்தைப் பார்க்கச் செருகினீர்களே, உங்கள் காகிதத்தில் அதற்கு முழ நீளப் பெயர், எங்களுக்கு அது குச்சி. அவர் மரத்துக்கு ஊற்றாமல் அந்தக் குச்சியை மட்டும் நனைத்து ஏமாற்றினாராம். அவர் ஒருவர் மட்டுமாம். ஏப்ரல் பத்தாம் தேதி விசாரணை. இது உறுதியானால் வேலை போய்விடும். நகரத்தில் வேறு எந்த வண்டியும் ஓட்ட விடமாட்டார்கள்.

இரண்டு வாரம் என் லாரியில் உட்கார்ந்து, "எந்த மரத்துக்கு எவ்வளவுக்கா, எத்தனை நாளுக்கு ஒரு தடவைக்கா" என்று கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டினாய். நானும் வாய் வலிக்கச் சொன்னேன். என் வாயிலிருந்து பிடுங்கியதை வைத்து எனக்கே வேலை சொல்லும் இயந்திரத்தைச் செய்தாய். சரி, போகட்டும். ஆனால் ஒரு மனிதன் வாழ்க்கையில் கை வைக்காதே. அந்த அறிக்கையைத் திரும்ப எடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை எனக்கும் கோபம் வந்துவிட்டது. அதனால் நீ எதிர்பார்க்கிற பணிவு இதில் இருக்காது.

என் இயந்திரம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டாயா? உச்சி வெயிலில் ஊற்றி, பாதி சாக்கடைக்குப் போகும். அதிகாரிகள் வீட்டு வாசல் மரத்துக்கு இரண்டு பங்கு, பள்ளிக்கூட மரத்துக்கு ஒன்றும் இல்லை. இதெல்லாம் நீ சொன்னதுதான், நான் கற்பனை செய்யவில்லை. சந்தைக்கு அடியில் பதினொரு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மூன்றாம் நாளே கண்டுபிடித்தது நீ திட்டுகிற அதே இயந்திரம். மேட்டுக் குடியிருப்பில் வாரம் ஒரு நாள் வந்த தண்ணீர் இப்போது தினமும் காலையில் வருகிறது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களிடம் போய், இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிப் பார். உன்னைத் துரத்தி அடிப்பார்கள்.

அறிக்கையில் இருப்பது உண்மை. ஏழாம் நம்பர் லாரி ஒவ்வொரு மரத்தடியிலும் பன்னிரண்டு வினாடிதான் நின்றிருக்கிறது. ஒழுங்காக ஊற்ற நான்கு நிமிடம் வேண்டும். குச்சி மட்டும் ஒரேயடியாக நனைந்திருக்கிறது. நீ அவரோடு டீ குடிக்கிறாய் என்பதற்காகப் பன்னிரண்டு வினாடி நான்கு நிமிடம் ஆகிவிடாது.

இதில் இனி மூக்கை நுழைக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். தயவு செய்து நுழைக்காதே.

தங்கச்சி


மார்ச் 15

தங்கச்சிக்கு,

"உன் நல்லதுக்குத்தான்" என்ற அந்த வரியை நான் விழுங்கவில்லை. தொண்டையிலேயே நிற்கிறது. உனக்கு ஏதோ தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

குச்சிக்கு ஊற்றும் வேலையைக் கண்டுபிடித்தது ஒலிபெருக்கி இல்லை. நான்.

போன ஆகஸ்டு மாதம். சாயங்காலம் நாலரை மணி. லாரி காலி. என் தெருவில் பதினொரு மரம் சிவப்பு. ஐந்து மணிக்கு எது பச்சையோ அதற்குத்தான் மதிப்பெண் என்று நீங்கள் வைத்தீர்களே. மூன்று நாள் மதிப்பெண் குறைந்தால் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பெயரை வாசிப்பார். அதற்கு முந்தின வாரம்தான் என் பெயரை வாசித்திருந்தார். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பு எடுத்து, குச்சிக்கு நேராக ஊற்றினேன். சும்மா, கோபத்தில். திரையில் அந்த மரம் பச்சையாகிவிட்டது. நின்ற இடத்திலேயே சிரித்தேன். பதினொரு மரத்துக்கும் பதினொரு சொம்பு. வேலை முடிந்தது.

மறுநாள் ஷெட்டில் இதை ஜோக்காகச் சொன்னேன். குச்சிக் குளியல் என்று பெயரும் வைத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் ஆறு லாரியும் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டன. மாட்டேன் என்று நின்றது ஒலிபெருக்கி மட்டும்தான். "மரம் என்ன குச்சியிலயா குடிக்குது? போங்கடா போக்கத்தவங்களா" என்று கத்தினார். தினமும் இரண்டு சுமை தண்ணீர் பிடித்து, நான்கு நிமிடம் நின்று ஊற்றினார். அவர் பெயரைத்தான் வாராவாரம் வாசித்தார்கள். என் பெயரைச் சிறந்த ஓட்டுநர் என்று சுவரில் ஒட்டினார்கள்.

நவம்பரில் எல்லா லாரிக்கும் இரண்டாம் சுமையை நிறுத்தினீர்கள். மரத்துக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்று இயந்திரம் சொல்கிறதாம். ஒரு சுமையில் அந்த மனிதர் எத்தனை மரத்துக்கு ஊற்றுவார்? அப்புறம்தான் அவரும் சொம்பை எடுத்தார்.

இப்போது சொல். என் நான்காம் நம்பர் லாரி ஏன் உன் அறிக்கையில் இல்லை?

அக்கா


மார்ச் 21

அக்கா,

எனக்குத் தெரியும். அக்டோபரிலிருந்தே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். ஒழுங்காகத் தண்ணீர் குடித்த மரத்தடியில் ஈரம் மெதுவாக ஏறி இரண்டு நாளில் மெதுவாக இறங்கும். நான்காம் நம்பர் லாரி போன தெருக்களில் ஈரம் சட்டென்று உச்சிக்குப் போய், நான்கு மணி நேரத்தில் சரிந்திருந்தது. தினமும். அது உன் லாரி. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்குள் இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. அதிக மதிப்பெண் வாங்குகிற லாரியைப் பார்த்து மற்ற லாரிகளுக்கு அளவு சொல்லும்படி நான்தான் அதை அமைத்தேன். அதிக மதிப்பெண் உன்னுடையது. ஒரு சொம்பு தண்ணீரில் ஒரு மரம் பிழைத்துக்கொள்ளும் என்று நீ அதற்குச் சொல்லிக் கொடுத்தாய். இரண்டாம் சுமையை நிறுத்தியது நான் இல்லை, நீ.

இன்னும் கேள். செத்த மரம் தண்ணீர் குடிக்காது. அதனால் ரயில் நிலையச் சாலைக் குச்சிகள் மற்ற தெருக்களைவிட அதிக நேரம் ஈரமாக இருந்தன. பிப்ரவரியில் என் இயந்திரம் அந்தச் சாலையை ஊருக்கே முன்மாதிரி என்று காட்டியது. அதைப் படம் போட்டு மேலே அனுப்பியது நான். நாற்பத்தாறு பிணத்தைக் காட்டிப் பாராட்டு வாங்கினேன்.

மரங்கள் செத்தது தெரிந்ததும், செத்த சாலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்றார்கள். எங்கே ஆரம்பித்தது என்று எழுதினால் உன் லாரியை எழுத வேண்டும். உன் ஏழு மாத வரைபடத்தை எடுத்து, மேடு பள்ளமெல்லாம் தேய்த்து, ஒழுங்காக ஊற்றியது போல ஆக்கினேன். மற்ற ஐந்து லாரியையும் அறிக்கையில் தொடவில்லை, தொட்டால் நூல் பிடித்து உன்னிடம் வந்துவிடுவார்கள். அவருக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்று நினைத்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல். மூன்று வருடம் கண்விழித்துக் கட்டியதை நீ ஒரு சொம்பால் கவிழ்த்தாய். அதைச் சிரித்துக்கொண்டு செய்தாய். நான் உன்னைக் காப்பாற்றினேன். நீ எனக்கு நியாயம் எழுதி அனுப்புகிறாய்.

தங்கச்சி


மார்ச் 26

அடியே,

யார் கேட்டது உன்னை? என்னைக் காப்பாற்று என்று நான் எப்போது வந்து உன் காலில் விழுந்தேன்? சின்ன வயதில் நான் உடைத்த சாமானை நீ ஒளித்து வைப்பாய், கடைசியில் இரண்டு பேருக்கும் அடி விழும். அது சாமான். இது மனிதன்.

நான் செய்தது தப்பு. பூசி மெழுகவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் ரயில் நிலையச் சாலை வழியாகப் போக முடியவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். ஆனால் அதைத் தெரிந்தும் அக்டோபரில் நீ என்னைக் கூப்பிட்டு, "ஏன்க்கா இப்படிச் செய்றே, நிறுத்து" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த நாற்பத்தாறும் உயிரோடு இருந்திருக்கும். உனக்கு மரமும் முக்கியமில்லை, நானும் முக்கியமில்லை. திரை பச்சையாக இருக்க வேண்டும். எனக்கு மதிப்பெண் வேண்டியிருந்தது, உனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. இதில் நீ என்ன பெரிய யோக்கியம்?

பத்தாம் தேதி விசாரணைக்குப் போய் நானே சொல்லப் போகிறேன். நீ தேய்ப்பதற்கு முந்தின அசல் வரைபடத்தை அனுப்பி வை. அழித்திருக்க மாட்டாய். உனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

அசல் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

அது வெளியே வந்தால் நான் வரைபடத்தைத் திருத்தியதும் வெளியே வரும். என் வேலையோடு முடிந்தால் பரவாயில்லை. இன்னும் ஐந்து ஊர்கள் இதை வாங்கக் காத்திருக்கின்றன, அத்தனையும் நின்றுபோகும். உங்கள் ஊரில் இயந்திரத்தையே பிடுங்கி எறிவார்கள். பழையபடி உச்சி வெயிலில் ஊற்றுவீர்கள், குழாய் பதினொரு வருடம் ஒழுகும், மேட்டுக் குடியிருப்புக்காரர்கள் குடத்தோடு நிற்பார்கள். ஒரு ஓட்டுநரின் வேலைக்காக அத்தனை பேர் தண்ணீரையும் அடைக்கச் சொல்கிறாயா?

நீயும் போய் எதையும் உளறாதே. அவருக்கு வேறு வேலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

நேற்று போனேன். உளறினேன். என்ன நடந்தது என்று கேட்டு நீ சந்தோஷப்படு.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ஒலிபெருக்கி, துவைத்துத் தேய்த்த சீருடையில். நான் எழுந்து நின்று ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்த அம்மா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க லாரிக்குத்தாம்மா ஊரிலேயே முதல் மதிப்பெண். ஒரு இடத்துலகூடத் தப்பு இல்லையே."

"அது திருத்தினதும்மா. நான்தான் செஞ்சேன்."

"கூட வேலை செய்றவருக்காக மனசு கேக்காம வந்திருக்கீங்க, புரியுது. ஆனா விசாரணையில பொய் சொல்றதும் குற்றம்தான். இந்தத் தடவை விட்டுடறேன், போங்க."

குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு நல்ல மனசு என்று பட்டம். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். யார் திருத்தினது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். வாசல் வரை வந்து அதை யோசித்துப் பார்த்தேன், சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் ஒலிபெருக்கி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"முப்பத்தெட்டு நாளா ஏம்மா சொல்லல?"

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

இருபதாம் தேதி அவரை நீக்கி உத்தரவு போடுகிறார்கள். வேறு வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாயே, அந்தத் தர்மப் பேச்சை இன்னொரு தடவை எழுதாதே. மேட்டுக் குடியிருப்புக்காரர்களை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளியாதே. உன் இயந்திரம் நல்லது என்றால் உண்மையைத் தாங்கட்டும். தாங்காது என்றால் அது எதற்கு?

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

அனுப்பிவிட்டேன். அசல் வரைபடம், நான் தேய்த்த வரைபடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தேதியில் என்ன மாற்றினேன் என்று எழுதி, விசாரணைக் குழுவுக்கும் ஆணையருக்கும் எங்கள் தலைமை அதிகாரிக்கும். நீ திட்டினதால் இல்லை. திட்டினாய் என்பதற்காகச் செய்கிற ஆள் நான் இல்லை என்று உனக்கே தெரியும். நீ போய் உண்மையைச் சொல்லியும், நான் செய்த திரையைக் காட்டி உன்னைப் பொய்க்காரி என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உன்னை யார் கேட்டா?" என்றார். நாளையிலிருந்து நான் வர வேண்டாம். சாயங்காலம் கடவுச்சொல்லைப் பிடுங்குவதற்குள் இரண்டு வேலை செய்தேன். ஐந்து மணி மதிப்பெண்ணைத் தூக்கினேன், இரண்டாம் சுமையைத் திரும்பக் கொடுத்தேன். அப்புறம் சொம்புத் தண்ணீரை எல்லாம் கழித்துவிட்டு உங்கள் ஊர்க் கணக்கை மறுபடி ஓடவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு மரம், அக்கா. சாகவில்லை, ஆனால் சாகப்போகிறது. உன் தெருவிலேயே எழுபது.

எது முதலில் சாகும் என்று வரிசைப்படுத்தி அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். அஞ்சலில் போட்டால் மூன்று நாள் ஆகும், அதனால் பேருந்து பார்சலில் போடுகிறேன். காலை ஏழு மணிக்கு நிலையத்தில் வாங்கிக்கொள். உன்னை நிறுத்தி வைக்கும் உத்தரவு வர எப்படியும் நாலைந்து நாள் ஆகும். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊற்று. சாணளவு இல்லை, முழங்கால் ஆழம் இறங்கும்படி ஊற்று.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகவும் போகாது என்று நினைக்கிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 23

தங்கச்சிக்கு,

பட்டியல் கிடைத்தது. முந்நூற்று எண்பது முடிந்திருக்கிறது. ஒன்பது மரம் நாங்கள் போவதற்குள் செத்துவிட்டது. மற்றது குடிக்கிறது. ஊற்றினால் மண் சத்தம் போட்டுக்கொண்டு உறிஞ்சுகிறது, பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

என்னை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, பத்தொன்பதாம் தேதி உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். லாரியில் ஏறக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. தெருவில் நின்று குழாய் பிடிக்கக் கூடாது என்று எழுதவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. இயந்திரத்தைப் பிடுங்கவில்லை. லாரி எவ்வளவு ஊற்றுகிறது என்று பார்க்க ஒரு அளவுக் கருவி மாட்டப் போகிறார்களாம். மேட்டுக் குடியிருப்பில் இன்று காலையிலும் தண்ணீர் வந்தது, கேட்டுக்கொண்டேன்.

ஒலிபெருக்கி நேற்று வேலைக்குத் திரும்பினார். ஷெட்டில் மற்ற ஐந்து பேர் முன்னால் என்னை நிற்க வைத்தார். நானாகத்தான் போய் நின்றேன். ஒரு மணி நேரம் திட்டினார். அடுத்த தெருவில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊரே என்னை மரம் கொன்னவன்னு சொல்லுச்சு. என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு அழுதா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போனியே, அவ தலையைத் தடவிக் குடுத்தியே, அப்ப உன் வாயில என்ன இருந்துச்சு?"

ஆமாம், போனேன். உனக்கு முதல் கடிதம் எழுதின மறுநாள். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"முடியாது" என்றார். யோசித்துச் சொல்லவில்லை, உடனே சொன்னார். பிறகு பட்டியலை என் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடி போட்டுப் படித்து, எந்தத் தெரு முதலில் என்று விரலால் கோடு போட்டார். லாரியைக் கிளப்பினார். நான் பின்னாலேயே நடந்து போய்க் குழாயைப் பிடித்தேன். நாள் முழுக்க, மரம் மாற வேண்டும் என்றால் ஹாரன்தான் அடித்தார்.

சாயங்காலம் இறங்கும்போது, பட்டியலை அனுப்பியது யார் என்று கேட்டார். சொன்னேன். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள்தானே என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

வேலை இல்லாமல் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்? உடனே கிளம்பி வா. உன் பங்குத் திட்டை அவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அக்கா